நீலக் கட்டம் போட்ட சட்டை

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவின் வலது கண்ணுக்கு ஒருவழியாகத் தேதி கொடுத்துவிட்டார்கள். இருபத்துநாலாம் தேதி காலையில் கூட்டிவரச் சொன்னார்கள். இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணிலும் புரை முற்றி, இப்போது அவளுக்கு நான் ஒரு நிழல், வாசல் ஒரு வெளிச்சம். ஆனால் சாம்பாரில் உப்புக் குறைந்தால் மட்டும் இந்தத் தெருவுக்கே கேட்கும்.

ஸ்டுடியோவில் காலை முழுக்க ஒரு கல்யாண ஆல்பம். மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பொண்ண இன்னும் கொஞ்சம் செவப்பாக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இதற்கு மேல் சிவப்பாக்கினால் மூக்குத்தி மட்டும்தான் மிஞ்சும் என்றேன். முதலாளி ஞானதுரை அண்ணாச்சி கல்லாவிலிருந்து என்னை முறைத்தார். என் வேலையே இதுதான். கறுத்தவர்களை வெளுப்பது, செத்தவர்களின் கண்ணைத் திறந்துவிடுவது, கல்யாணத்துக்கு வராத மாமனைக் குடும்பப் படத்தில் நிற்க வைப்பது. போட்டோ எங்கே முடிகிறது, நான் வரைந்தது எங்கே தொடங்குகிறது என்று இப்போதெல்லாம் எனக்கே தெரிவதில்லை.

மத்தியானம் ஒரு அம்மா வந்தார். பெயர் சண்முகத்தாய். கடலை மிட்டாய்க் கம்பெனியில் வேலை. வெல்லப்பாகு வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. மஞ்சள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். ஆறு வயதுப் பையன், பள்ளிக்கூடச் சீருடை. மழைத் தண்ணீர் இறங்கி முகத்தில் பாதி போய்விட்டது. நெற்றி, வலது கண், மூக்கில் பாதி. அவ்வளவுதான் மிச்சம்.

"மாரிக்கண்ணன். திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் பாக்கப் போனப்ப கூட்டத்துல கைய விட்டுட்டான். இப்ப இருந்தா இருபத்தஞ்சு ஆகுது."

இருந்தா என்று சொல்லிவிட்டு, "இருக்கான்" என்று திருத்திக்கொண்டார்.

இத்தனை வருடமும் இந்தச் சின்னப் பையன் படத்தையே போஸ்டர் அடித்து ஒட்டியிருக்கிறார். கூட வேலை செய்யும் பெண்கள்தான் சொன்னார்களாம், வளர்ந்த பையனை இந்த முகத்தை வைத்து யார் கண்டுபிடிப்பார்கள் என்று. "வளந்த முகமா செஞ்சு தரணும். ஆனா ஒண்ணு, வரைஞ்ச மாதிரி இருக்கக் கூடாது. வரைஞ்சதுன்னா ஒருத்தரும் நின்னு பாக்க மாட்டாக. போட்டோ மாதிரியே இருக்கணும்."

அவன் அப்பா படம் இருக்கிறதா என்றேன். அவர் காலமாகிவிட்டார், போட்டோ எடுத்ததே இல்லை என்றார். "அவன் என்னையத்தான் உரிச்சு வச்சிருப்பான். என் முகத்தப் பாத்துச் செய்யேன்."

ஆம்பிளை முகத்துக்குப் பெண் முகம் சரிவராதுக்கா என்றேன். எனக்குத் தெரியும் என்ற தோரணையில் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மாலையில் அம்மா வழக்கம்போல் கேட்டாள், "போன் வந்துச்சா?" இல்லை என்றேன். யாருடைய போன் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை.

ஜூன் 4, புதன்

அண்ணாச்சி தன் போனில் ஏதோ ஒரு ஆப்பில் அந்தப் பாதி முகத்தைப் போட்டார். ஒரு நிமிடத்தில் ஆள் வந்துவிட்டான். வெள்ளைவெளேரென்று, செதுக்கிய தாடியோடு, கூலிங்கிளாஸ் மட்டும்தான் இல்லை. சண்முகத்தாய் அக்காவுக்கு அனுப்பினோம். "இது யாரு, சோப்பு விளம்பரத்துல வாரவனா?" என்று கேட்டாராம். அண்ணாச்சி போனைப் பையில் போட்டுக்கொண்டு, "நீயே செய்" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

கல்யாண ஆல்பத்தை ஓரம் கட்டிவிட்டுப் பையனை எடுத்தேன். நெற்றியை அகலமாக்கினேன். மூக்குத்தண்டை ஏற்றினேன். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் களைப்பு வைத்தேன், எங்கே இருந்தாலும் உழைத்துத்தானே சாப்பிடுவான். இதுவரை எல்லாம் கணக்குத்தான்.

கன்னத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றைப் போட வேண்டும். இம்மாதிரி நேரத்தில் நாங்கள் பழைய பாஸ்போர்ட் சைஸ் படங்களின் போல்டரிலிருந்து தோல் எடுப்போம். ஒருவர் கன்னம், இன்னொருவர் தாடை, வேறொருவர் கழுத்து. யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை. அப்படி ஒரு போல்டரைத் திறந்து எடுத்தேன். பொருந்தியது. யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

அப்பா படத்துக்கு விளக்கேற்ற எண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். அந்தப் படமும் நான் செய்ததுதான், ரேஷன் கார்டிலிருந்து. லேசான ஒரு சிரிப்பு வைத்தேன். அப்போது அம்மாவுக்கு வலது கண்ணாவது நன்றாகத் தெரியும். "ஒங்கப்பா இப்படி ஒருநாளும் சிரிச்சதில்லையே" என்றாள். ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

முடித்துவிட்டேன்.

வரைந்த மாதிரி இருக்கக் கூடாது என்றாரே, அதற்குத்தான் மூன்று நாள். பிரஷ் தடம் தெரியாமல் பொடி தூவியதுபோல் புள்ளிகள் சேர்த்தேன். மூக்கு நுனியில் பிளாஷ் வெளிச்சம். ஒரு பக்கத்து மயிர் கொஞ்சம் கலைந்து, சட்டைக் காலர் ஒருபக்கம் மடங்கி. போட்டோ எடுப்பவன் கவனிக்காமல் விட்ட தப்பு மாதிரி இருக்க வேண்டும். தப்பு இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள். சட்டைக்கு நீலக் கட்டம் போட்டேன். ஏதோ ஒரு சட்டை போட வேண்டுமே.

சண்முகத்தாய் அக்கா கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நின்றார். அழுவார் என்று டிஷ்யூ எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் திரையை ஒருமுறை துடைத்துவிட்டு, "வளந்துட்டான்" என்றார். எடுத்து வைத்த டிஷ்யூ எனக்குத்தான் பயன்பட்டது.

அவர் போன பிறகு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "எங்கயோ பாத்த முகமா இருக்கே, பொன்மலர்."

எல்லா முகமும் எங்கேயோ பார்த்த முகம்தான் அண்ணாச்சி என்றேன். நாள் முழுக்க மனுஷ முகமே பார்க்கிற எங்களுக்கு வேறென்ன தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

பால், சோப்பு, அம்மாவுக்கு மருந்து. அந்தப் பழைய நம்பருக்கு ரீசார்ஜ். எப்போது அடித்தாலும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகத்தான் சொல்கிறது. ரீசார்ஜ் செய்யாவிட்டால் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

ஜூன் 14, சனி

போஸ்டர் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில், ரயில் நிலையச் சுவரில், கதிரேசன் கோயில் போகும் பாதையில். "காணவில்லை" என்று பெரிதாக, கீழே அந்த முகம், மாரிக்கண்ணன் வயது 25, ஒரு போன் நம்பர். சண்முகத்தாய் அக்காவின் முதலாளி நல்ல மனுஷன். வெளியூர் போகும் கடலை மிட்டாய் அட்டைப்பெட்டிகளிலும் ஒவ்வொன்று ஒட்டச் சொல்லிவிட்டாராம். ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பெட்டியோடு பெட்டியாக அவன் முகமும் போகிறது.

எனக்கு வேலைக்குப் போகும் வழி மாறிவிட்டது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட் பக்கமாகப் போகிறேன். அந்தப் பக்கம் நிழல் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

மார்க்கெட் பக்கமும் ஒட்டியிருக்கிறார்கள். முட்டைக் கடைக்கு எதிரே. நான் வரைந்த பிளாஷ் வெளிச்சம் வெயிலில் நிஜமாகவே மின்னுகிறது. குனிந்துகொண்டு போனேன். முதுகில் யாரோ பார்ப்பதுபோலவே இருந்தது.

ஜூன் 18, புதன்

சண்முகத்தாய் அக்கா உடைந்த மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். போன் வந்தபடி இருக்கிறதாம். சேலத்தில் ஒருவர், நாமக்கல்லில் ஒருவர், தென்காசியில் ஒரு ஓட்டல்காரர். எல்லோரும் பார்த்தார்களாம்.

"நீலக் கட்டம் போட்ட சட்டைதான் போட்டிருந்தான்னு அடிச்சுச் சொல்லுதாக" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சட்டை நானாகப் போட்டதுக்கா, அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்றேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். "தெரியும். நீ சட்டை போட்டுக் குடுத்த, அவுக சட்டையப் பாத்தாக. யாரையும் குத்தம் சொல்ல முடியாது." சிரிப்பு நின்றதும் அவர் முகம் மிகவும் களைத்துத் தெரிந்தது.

ஜூன் 21, சனி

சண்முகத்தாய் அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தார். கையெல்லாம் பாகு ஒட்டியிருந்தது, கழுவக்கூட இல்லை. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார்.

நேற்று சாயங்காலம் ஒரு போன் வந்ததாம். எடுத்ததும் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது ஒரு பையன் குரல், "இந்தப் படத்துல இருக்குற சட்டை இப்ப எங்கிட்ட இல்லைங்க" என்றது. அவ்வளவுதான், வைத்துவிட்டானாம்.

"மத்தவுகெல்லாம் அந்தச் சட்டையோட பாத்தோம்னாக. இவன் ஒருத்தன்தான் சட்டை இல்லைங்கான். அப்ப இவன்தானே நெசம்?"

திரையில் திறந்திருந்த கல்யாண ஆல்பத்தை மூடினேன்.

"நீயா போட்ட சட்டை அவங்கிட்ட எப்படி இருந்துச்சு? முருகன்தான் ஒன் கையில வந்து உக்காந்திருக்கான்." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

தனியாகப் பேசப் பயமாக இருக்கிறது, நீ கூட இரு என்று சொல்லி, அந்த நம்பருக்கு அடித்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாரிக்கண்ணா, அம்மா பேசுதேன்யா."

லாரி பின்னால் நகரும் சத்தம். யாரோ "வரட்டும் வரட்டும்" என்று கத்துகிறார்கள். பிறகு, "சொல்லுங்கம்மா."

"சாப்டியாய்யா?"

"ம். சாப்டேன்."

"எங்க இருக்க?"

"திருப்பூர்ல. ஒரு மளிகைக் கடையில லோடு எறக்குதேன்."

"சின்னப்பிள்ளையில அடுப்ப மிதிச்சு கால் வெந்துச்சே, வலது கால். இப்பமும் வலிக்கா?"

லாரி என்ஜின் நின்றது. "இல்லம்மா. இப்ப வலிக்கல."

சண்முகத்தாய் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் குரல் அவசரமாக வந்தது. "என்னத் தேடி வராதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழம நானே பேசுதேன்."

போன் நின்றது. கை கழுவ வேண்டும் என்று சொல்லிக் குழாயடிக்குப் போனார், வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. போனில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எனக்கு அதில் பேச என்ன இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. மாவு புளித்துவிட்டது. அம்மா கேட்டாள், போன் வந்துச்சா என்று.

ஜூன் 23, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

போனில் பேசியது கதிரேசன். என் தம்பி. நாலு வருடத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். எங்கள் மளிகைக் கடையில் உட்காரமாட்டேன் என்றான். அப்பா, "இனி இந்த மூஞ்சியோட என் வாசப்படி ஏறாத" என்றார். அவன் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனான். அன்று அவன் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. காலர் எப்போதும் ஒருபக்கம் மடங்கும், எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும்.

ஸ்டேஷனில், வயது வந்த பையன், தானாக வருவான் என்றார்கள். போஸ்டர் அடிக்கலாம் என்றேன். ஓடிப்போனவனுக்குப் போஸ்டர் எதற்கு, ஊர் சிரிக்கவா என்று அப்பா விடவில்லை. அடுத்த வருடமே அப்பா போய்விட்டார். அது கதிருக்குத் தெரியாது. கடையைக் கொடுத்துவிட்டு, கதிரை யாருக்கும் தெரியாத இந்த ஊருக்கு வந்துவிட்டோம். அதன் பிறகும் நான் போஸ்டர் அடிக்கவில்லை. ஒட்டி, அதற்கும் அவன் வராமல் போனால் என்ன செய்வது என்று பயம். தேடாமல் இருந்தால் அவன் வராததற்கு அது ஒரு காரணமாகவாவது இருக்கும்.

அன்று நான் திறந்த போல்டரின் பெயர் கதிர். பாஸ்போர்ட் படங்களின் போல்டருக்கும் அதற்கும் நடுவே ஆறேழு போல்டர் இருக்கிறது. கை தவறியது என்று சொல்ல முடியாது. மாரிக்கண்ணனின் முகத்தில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. கன்னத்தைப் பொருத்தியதும் கண்ணை அதற்கேற்ப மாற்றினேன், கண்ணை மாற்றியதும் நெற்றியை. கடைசியில் சண்முகத்தாய் அக்காவின் பிள்ளை அதில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவர் திரையைத் துடைத்துப் பார்த்தது என் தம்பியை.

அவன் அந்த அம்மாவிடம், கால் வலிக்கல என்று ஏன் சொன்னான்? அவன் கால் வெந்ததே இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாளைக்குக் கட்டுப் பிரிப்பார்கள். அம்மா பயப்படவே இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில் பாட்டியிடம் ரசப்பொடிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 25, புதன்

கட்டைப் பிரித்ததும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஏட்டி, இப்படி மெலிஞ்சு போயிருக்க." கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். டிரைவரிடம் மார்க்கெட் வழியும் வேண்டாம், பஸ் ஸ்டாண்ட் வழியும் வேண்டாம் என்று சொல்லி, பின்தெருவாகப் போகச் சொன்னேன். பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ ரயில் நிலையச் சுவருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். போடும்மா, வெளிச்சம் படக் கூடாது என்றேன். அவள் காதில் விழவில்லை. என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"அது நம்ம கதிருல்லா. என்ன போட்டிருக்கு? கண்ணீர் அஞ்சலியா?"

சுவரில் முகம் ஒட்டினால் எங்கள் ஊரில் அது மட்டும்தான் அர்த்தம். இல்லம்மா, இல்லம்மா, காணவில்லைன்னு போட்டிருக்கு என்று கத்திவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா மூச்சை விட்டாள். கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நாம தேடலியே. யாரு தேடுதா அவன?"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மொதல்ல அந்தப் பொம்பளைகிட்டப் போய்ச் சொல்லு" என்றாள். "அவ பேசினதுக்கு அப்பறம்தான் நாம பேசணும்."

ஜூன் 28, சனி

மூன்று நாள் போகாமல் இருந்துவிட்டு இன்று மிட்டாய்க் கம்பெனிக்குப் போனேன். உள்ளே அனல். சண்முகத்தாய் அக்கா சூடு ஆறாத மிட்டாயை மரக்கட்டையால் உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டையை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"அவன் யாரு?"

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"என் பிள்ளைக்குக் கால் வேகவே இல்ல. சும்மாதான் கேட்டேன். வலிக்கலன்னுட்டான். எவளோ ஒரு தாய் கேக்காளே, இல்லன்னா வருத்தப்படுவாளேன்னு சொல்லியிருக்கான். நல்ல பிள்ளதான். ஆனா என் பிள்ள இல்ல." முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நான் பேசும்போது ஒன் முகத்தத்தான் பாத்தேன். ஒனக்குத் தெரிஞ்ச குரலு."

சொன்னேன். கதிர், சட்டை, போல்டர் எல்லாம். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருந்து யாரோ பாகு பதம் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், அதற்கும் திரும்பவில்லை.

"பத்தொம்பது வருசம் பாதி முகமாவது வச்சிருந்தேன், பிள்ள" என்றார். "இப்ப கண்ண மூடுனா ஒன் தம்பிதான் வாரான். என் மகன் வர மாட்டேங்கான்."

மன்னிச்சிருங்கக்கா என்றேன். அந்த வார்த்தை எதற்கும் உதவாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

எழுந்து போகும்போது சொன்னார், "நாளைக்கு அவன் பேசுவான். ஒங்கம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வா."

ஜூன் 29, ஞாயிறு

சண்முகத்தாய் அக்காவின் வீடு ஒரே அறைதான். அம்மாவுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் தொட்டுக்கொள்ளவில்லை, ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கண்ணுக்கு என்ன சொட்டு மருந்து போடுகிறீர்கள் என்று அவர் கேட்டார், அம்மா சொன்னாள். நடுவில் போன் கிடந்தது.

மணியடித்ததும் சண்முகத்தாய் அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்டியாய்யா?"

"சாப்டேம்மா. நீங்க?"

"சாப்டேன். எனக்கு ஒரு மகன் மாதிரி பேசின பாத்தியா, அது போதும். இந்தா, ஒன் அம்மாகிட்டப் பேசு."

போனை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது.

அம்மா போனைக் காதில் வைக்கத் தெரியாமல் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள். "கதிரு" என்றாள். அவன் வைத்துவிடுவானோ என்று நான் போனுக்குக் கிட்டே நகர்ந்தேன்.

"வாசப்படி ஏறாதேன்னு சொன்னவரு போயிட்டாருய்யா. மூணு வருசமாச்சு. படமா இருக்காரு, சிரிச்சுக்கிட்டு இருக்காரு. வா."

போனில் லாரிச் சத்தமும் இல்லை. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம்தான் கேட்டது. அவன் அழுது நான் கேட்டது அவன் ஐந்தாம் வகுப்பில் கை முறித்துக்கொண்டபோது. அதே சத்தம்தான்.

ஜூலை 3, வியாழன்

கதிர் வந்துவிட்டான். தாடி, தோள் அகலம், உள்ளங்கை சொரசொரப்பு. நான் வரைந்த முகத்தைவிட வயது அதிகம் தெரிகிறது. களைப்பை நான் கண்ணுக்குக் கீழே மட்டும்தான் வைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடைக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாராம். "தம்பி, ஒங்கம்மா சண்முகத்தாய் ஊரெல்லாம் தேடுதாக" என்று சொல்லி, போஸ்டர் நம்பருக்குப் போனும் போட்டுவிட்டாராம். வழியில் இன்னும் இரண்டு பேர். கதிர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சண்முகத்தாய் அக்காவுக்கு மூன்று தடவை மகன் கிடைத்துவிட்டான். மூன்று தடவையும் அவர், "அது என் மகன் இல்லீங்க" என்று சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

கதிர் அப்பா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். பிறகு, "பெட்டி எறக்கும்போது என் மூஞ்சி வேற பேரோட இருந்துச்சுக்கா" என்றான். "நான் செத்துப்போயி வேற எங்கயோ பொறந்துட்டேனோன்னு நெனச்சேன். அப்பறம்தான் காலரப் பாத்தேன்."

அப்பாவின் சிரிப்பை அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நானும் கதிரும் போஸ்டர் கிழித்தோம். ரயில் நிலையச் சுவரில் பசை இறுகிப்போய் முகம் துண்டு துண்டாகத்தான் வந்தது. அட்டைப்பெட்டியில் போனவற்றை என்ன செய்ய முடியும்? எந்த ஊர் மளிகைக் கடை மூலையிலோ அந்த முகம் இன்னும் இருக்கிறது. யாராவது பார்ப்பார்கள். சண்முகத்தாய் அக்காவுக்குப் போன் வரும்.

ஜூலை 5, சனி

சண்முகத்தாய் அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தார். நல்ல புடவை, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். எதற்கு வந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே பாதிப் போட்டோவை மேசையில் வைத்தார்.

"இப்ப என் மகனச் செஞ்சு குடு."

எப்படிக்கா, எதை வைத்து என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய், நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மொத நாளே சொன்னேன், என் முகத்தப் பாருன்னு."

அண்ணாச்சியைக் கேட்காமல் கேமராவை எடுத்தேன். விளக்கை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். இத்தனை நாள் என் முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறார், அந்த முகத்தை நான் ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. அகன்ற நெற்றி, கொஞ்சம் வளைந்த மூக்கு, அந்தப் பாதிப் போட்டோவில் இருந்த அதே வலது கண்.

"வரைஞ்ச மாதிரி இருந்தா பரவால்லையாக்கா?" என்றேன்.

"இருக்கட்டும். வரைஞ்சதுன்னு எழுதியே போடு."

கேமராவைக் கண்ணில் வைத்தேன். "சிரிக்கணுமா?" என்று கேட்டார்.

"அவன் எப்படிச் சிரிப்பான்?"

யோசித்தார். நெடுநேரம் யோசித்தார், எனக்குக் கை வலித்தது. பிறகு மெல்லச் சிரித்தார். இடது கன்னத்தில் மட்டும் ஒரு குழி விழுந்தது. மழைத் தண்ணீர் அழித்துவிட்டுப் போன பக்கம் அது.

"இப்படித்தான்" என்றார். நான் அழுத்தினேன்.